ஸ்ட்ரோலர் வாங்கும் முன் சக்கரத்தைப் பாருங்க

திண்டுக்கல் தெருவுக்கு எந்த ஸ்ட்ரோலர் சரி? நான் கோட் எழுதுற ஆளு. முதல்ல தேவை என்னன்னுதான் கேட்பேன்.

குடை மாதிரி மடங்குற வண்டியை 1965-ல் வடிவமைச்சவர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட தரையிறங்கும் சக்கர அமைப்பை உருவாக்கின இன்ஜினியர். அந்த வண்டி 3 கிலோகூட இல்லை. பஸ், ரயிலுக்கு அருமை. ஆனா சக்கரம் சின்னது.

இங்கதான் கணக்கு. 15 செ.மீ விட்டமுள்ள சக்கரம் 5 செ.மீ மேட்டில் ஏற, அதன்மேல் இருக்கிற எடையைப்போல சுமார் 2.8 மடங்கு விசையில தள்ளணும். 30 செ.மீ சக்கரத்துக்கு 1.1 மடங்கு போதும். நம்ம தெருவுல ஜல்லி, குழி, சாக்கடை மூடி எல்லாம் உண்டு. அதனால தினமும் நடக்கப் பெரிய சக்கரம். பழனி பஸ்ஸுக்குக் குடை வண்டி.

தலை நிக்காத குழந்தைன்னா சீட் முழுசா படுக்கணும். அஞ்சு முனை பெல்ட் கட்டாயம். வெயிலுக்காக வண்டியைத் துணியால மூடாதீங்க: காத்து அடைபட்டு உள்ளே சூடு ஏறிடும். மேல்கூரை நிழல் போதும்; சித்திரை மதியம்னா வெளியவே வேண்டாம்.

கடைசியா, கடையிலேயே ஒரு கையால மடக்கிப் பாருங்க. இன்னொரு கையில குழந்தை இருக்கும்.