கரிப் பள்ளத்தாக்கின் பேருந்துத் தடங்கள்

தெற்கு வேல்ஸில் பேருந்துத் தடங்களை முதலில் வகுத்தவை ஆறுகள். பிரெகன் மலைத்தொடருக்குத் தெற்கே ரொன்தா, கனன், டாஃப், ரம்னி, எபு என்று பல ஆறுகள் பக்கம் பக்கமாகக் கடலை நோக்கி இறங்குகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஆற்றுக்கும் ஒரு ரயில்பாதைக்கும் ஒரு சாலைக்கும் மட்டுமே இடம். வீடுகள் சாலையோரம் நீண்ட வரிசையாகவும், அதற்குமேல் சரிவில் படிப்படியாகவும் கட்டப்பட்டன. இப்படிப்பட்ட ஊரில் பேருந்து எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். மாறாக, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் வெகு தூரமாகிவிடும். ரொன்தாவின் மார்டியிலிருந்து கனன் பள்ளத்தாக்கின் அபர்டேருக்கு மலையைத் தாண்டினால் ஆறேழு கிலோமீட்டர். பள்ளத்தாக்கு வழியே இறங்கி, அடுத்ததில் ஏறினால் முப்பதுக்கும் மேல்.

ஊர்ப் பெயர்களே இந்த அமைப்பைச் சொல்லிவிடும். வெல்ஷ் மொழியில் ‘கூம்’ என்றால் பள்ளத்தாக்கு, ‘அபர்’ என்றால் ஆற்றின் கூடுமுகம், ‘பிளைன்’ என்றால் ஆற்றின் தலைப்பகுதி, ‘புல்க்’ என்றால் கணவாய், ‘போர்த்’ என்றால் வாயில். பெரிய ரொன்தாவும் சின்ன ரொன்தாவும் சேருமிடத்திலுள்ள ஊர் போர்த். பேருந்துப் பணிமனை அங்கே அமைந்தது இயல்புதான். இன்னும் ஐந்து கிலோமீட்டர் கீழே, ரொன்தா டாஃபுடன் கலக்குமிடத்தில் பொன்டிப்ரீத். ரொன்தா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள் ‘ரோண்டா’ என்று படிப்பதுண்டு. அதிலுள்ள இரட்டை டகரத்தின் உண்மையான ஒலி, தமிழர் ‘அது’ என்னும்போது தகரத்துக்குக் கொடுக்கும் ஒலிதான்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரொன்தாவின் மேற்பகுதியில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆடு மேய்க்கும் பண்ணைகள்தான் இருந்தன. பிறகு நீராவிக் கப்பல்களுக்கு உகந்த நிலக்கரி ஆழத்தில் கிடைத்தது. 1921 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,60,000-ஐத் தாண்டியிருந்தது. ரயில் முதலில் கரிக்காக வந்தது, மனிதர்களை ஏற்றியது பிற்பாடு. நிலையங்களும் ஆற்றோரத்திலேயே இருந்தன. சரிவில் குடியிருந்தவர்களுக்கு நிலையத்துக்கு இறங்குவதும் திரும்ப ஏறுவதுமே ஒரு பயணம். வீட்டு வாசலை ஒட்டி ஓடும் வண்டி வேண்டியிருந்தது.

அந்தத் தேவையை முதலில் தீர்த்தது குதிரை. 1888-இல் பொன்டிப்ரீத்துக்கும் போர்த்துக்கும் இடையே குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. மின்சார டிராம் 1901-இல் மெர்த்தர் டிட்விலிலும், 1905-இல் பொன்டிப்ரீத்திலும், 1908-இல் ரொன்தாவிலும், 1913-இல் அபர்டேரிலும் வந்தது. இன்றைய பேருந்துத் தடங்களில் முக்கியமானவை இந்தத் தண்டவாளங்களின் மேலேயே பிறந்தவை.

டிராமுக்கு ஏற்றம் ஒத்துவராது. தண்டவாளத்துக்குச் செலவும் அதிகம். எனவே தண்டவாளம் இல்லாமல் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலி பஸ்ஸை இரண்டு ஊர்கள் சீக்கிரமே சோதித்துப் பார்த்தன. அபர்டேர் 1914-இல் ஆஸ்திரியாவில் உருவான செடெஸ்-ஸ்டோல் முறையைத் தேர்ந்தது. இதில் கம்பிகளின்மேல் ஒரு குட்டி வண்டி உருண்டு போகும். அதிலிருந்து தொங்கும் கேபிள் பேருந்துக்கு மின்சாரம் தரும். எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்தால் ஓட்டுநர்கள் நிறுத்தி, கேபிள்களைக் கழற்றி, ஒருவருடையதை மற்றவர் மாட்டிக்கொண்டு போக வேண்டும். காகிதத்தில் புத்திசாலித்தனமான இந்த ஏற்பாடு மழையிலும் காற்றிலும் எவ்வளவு சோதனை தந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அப்படியும் 1925 வரை ஓடியது. ரொன்தாவின் சோதனை அதைவிடக் குறுகியது. கில்வாக் கோக் என்ற ஊருக்கு 1914 டிசம்பரில் தொடங்கிய டிராலி பஸ், சாலை தாங்காததால் 1915 மார்ச்சிலேயே நின்றது. மாறாக, 1930-இல் பொன்டிப்ரீத் கொண்டுவந்த டிராலி பஸ் ட்ரீஃபாரஸ்டுக்கும் கில்வினித்துக்கும் இடையே 1957 வரை ஓடியது.

முதல் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. போரில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஊர் திரும்பினார்கள்; படை கழித்துக்கட்டிய லாரிகளும் மலிவாகக் கிடைத்தன. அடிச்சட்டத்தின்மேல் ஒரு கூண்டைக் கட்டினால் பேருந்து தயார். 1920-களின் பள்ளத்தாக்குகளில் ஒற்றைப் பேருந்து முதலாளிகள் பெருகினார்கள். உரிமம் கொடுப்பது அந்தந்த ஊர் மன்றத்தின் வேலை; ஓர் ஊரில் கிடைத்த உரிமம் அடுத்த ஊரில் செல்லாது. டிராம் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நிறுத்தத்துக்குப் போய்ப் பயணிகளை அள்ளிக்கொள்வது அக்காலத்தின் தொழில் தந்திரம். டிராம் நிறுவனங்கள் வேறு வழியின்றித் தாங்களே பேருந்து வாங்கின. ரொன்தா டிராம் நிறுவனம் 1920-இல் பேருந்து விட்டது. 1934-இல் டிராமை முழுக்கக் கைவிட்டு, பெயரையும் ரொன்தா டிரான்ஸ்போர்ட் என்று மாற்றிக்கொண்டது.

இதே காலத்தில் ஊர் மன்றங்களும் களத்தில் இறங்கின. கேர்ஃபில்லி, கெல்லிகேர், மெர்த்தர் டிட்வில் ஆகியவை சொந்தப் பேருந்துகளை ஓட்டின. பெட்வாஸும் மாகனும் சேர்ந்த சிறு மன்றம் ஒரு டஜன் பேருந்துகூட இல்லாமல் அரை நூற்றாண்டு சேவை நடத்தியது. பெட்வெல்ட்டியும் மினித்இஸ்லூயினும் 1926-இல் வெஸ்ட் மன்மத்ஷயர் ஆம்னிபஸ் போர்டு என்ற கூட்டு வாரியத்தை அமைத்தன. பேருந்து வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்த வாரியத்தை இன்றும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு மேடு.

பார்கோய்ட் மேடு ரம்னி ஆற்றங்கரையிலிருந்து அபர்பார்கோய்டுக்கு ஏறுகிறது. ஐந்து அடி முன்னே போவதற்குள் ஓரடிக்கு மேல் உயரும் ஏற்றம். நெரிசலான ஊர்த் தெரு வேறு. சாதாரணப் பேருந்து அதில் ஏறாது. ஏறினாலும் நின்று புறப்படும்போது பின்னால் உருளும். அதனால் வாரியம் இந்தத் தடத்துக்கென்றே தனி வண்டிகளை வைத்திருந்தது. சுவிட்சர்லாந்து மலைச்சாலைகளுக்குப் பெயர்பெற்ற சௌரர் வண்டிகள் முதலில் வந்தன. பின்னாளில் லாரிக்கென வடித்த லேலண்ட் புல் அடிச்சட்டத்தின்மேலும் பேருந்துக் கூடு கட்டப்பட்டது. வண்டி பின்னால் நகர முயன்றால் முட்டுக்கொடுத்துத் தடுக்கும் கருவி இவற்றில் இருந்தது. நம் ஊரில் மேட்டில் நிற்கும் லாரிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதன் இயந்திர வடிவம் என்று கொள்ளலாம். (சென்னை எண்ணூரின் அசோக் லேலண்டின் பெயரில் பாதியைத் தந்ததும் இதே லேலண்டுதான்.)

மேட்டுக்கு அடுத்த தடை பாலம். கரி ரயில்பாதைகள் சாலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டின. பல பாலங்கள் தாழ்வானவை. மாடி பஸ் அடியில் நுழையாது. 1927-இல் லேலண்ட் அறிமுகப்படுத்திய தாழ்கூரைக் கூடு இதற்கு விடையானது. மேல்தளத்தின் நடைவழியை நடுவில் வைக்காமல் வலப்பக்க ஓரத்துக்குத் தள்ளி, பள்ளமாகக் கீழ்த்தளத்துக்குள் இறக்கிவிட்டார்கள். மொத்த உயரம் ஏறக்குறைய ஓரடி குறைந்தது. மேலே நாலு பேர் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வேண்டும். சன்னலோரம் இருப்பவர் இறங்க மூன்று பேர் எழ வேண்டும். கீழே வலப்பக்கம் இருப்பவர் மறந்துபோய் நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும். முன்னிருக்கையின் முதுகில் எச்சரிக்கை எழுதியிருக்கும். பிரிட்டனில் இந்த வகையில் கடைசியாகக் கட்டப்பட்ட வண்டிகளில் ஒன்று, 1968-இல் பெட்வாஸ்-மாகன் மன்றத்துக்கு வந்த ஏஇசி ரீஜென்ட்.

1926-இல் சுரங்க முதலாளிகள் கதவடைத்து, ஏழு மாதம் கூலி நின்றபோது பேருந்துகளும் காலியாக ஓடின. பெரும் பொருளாதார மந்தம் அதைத் தொடர்ந்தது. 1930-இன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உரிமம் வழங்கும் அதிகாரத்தை ஊர் மன்றங்களிடமிருந்து எடுத்துப் போக்குவரத்து ஆணையர்களிடம் கொடுத்தது. தடம், நேரம், கட்டணம் மூன்றுக்கும் அனுமதி தேவைப்பட்டது. தடம் வைத்திருப்பதே ஒரு சொத்தாகிவிட்டது. அதை வாங்கப் பெரிய நிறுவனங்கள் வந்தன. 1929-இல் உருவான வெஸ்டர்ன் வெல்ஷ் மேற்கிலும் நடுவிலும் பரவியது. லிட்னியைச் சேர்ந்த ஜான் வாட்ஸ் வளர்த்த ரெட் அண்ட் ஒயிட், செப்ஸ்டோவைத் தலைமையிடமாகக் கொண்டு கிழக்குப் பள்ளத்தாக்குகளின் சிறு முதலாளிகளை ஒவ்வொருவராக வாங்கியது. 1950-இல் அது பிரிட்டிஷ் பேருந்துகளை அரசுக்கு விற்றுவிட்டது. அதன் தாய்க்குழுமம் அதன்பின் ஆப்பிரிக்க நாடுகளில் பேருந்து நடத்தியது.

இதற்கிடையே, பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே வழி இல்லாத குறைக்கு மந்தமே ஒரு தீர்வு தந்திருந்தது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க 1920-களில் புல்க் கணவாய்ச் சாலையும் ரிகோஸ் மலைச்சாலையும் வெட்டப்பட்டன. தலைப்பக்கம் மூடியிருந்த பெரிய ரொன்தா இவற்றால் திறந்தது; கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பேருந்துகள் பிரிட்ஜென்ட் பக்கமும் போர்த்கால் கடற்கரைக்கும் போயின. பனி விழுந்தால் மூடப்படும் சாலைகள் இவை. குறுக்குத் தடங்கள் என்றுமே தாய்த் தடங்களின் செல்வாக்கைப் பெறவில்லை.

இரண்டாம் உலகப் போர் பேருந்துகளின் பயணிகளையே மாற்றியது. பிரிட்ஜென்டில் 1940-இல் தொடங்கிய வெடிமருந்து ஆலையில் உச்சத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பள்ளத்தாக்குகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வந்தவர்கள். மூன்று ஷிப்டுகளுக்கும் வண்டி வேண்டும். அதுவரை ஆண்கள் நடந்தே போகும் தூரத்தில் சுரங்கம் இருந்தது. இப்போது பெண்கள் பேருந்து ஏறி வேலைக்குப் போனார்கள். போருக்குப் பிறகும், ட்ரீஃபாரஸ்ட் தொழிற்பேட்டை போன்ற இடங்களை நோக்கி இந்தப் பழக்கம் தொடர்ந்தது.

1960-களில் ரயில் பின்வாங்கியது. எபு வேலுக்கு 1962-இலும், மார்டிக்கும் அபர்டேருக்கும் 1964-இலும் பயணி ரயில் நின்றது. விசித்திரமான கதை ரொன்தா குகைவழியுடையது. மலையைக் குடைந்து 1890-இல் திறந்த இந்த மூன்று கிலோமீட்டர் சொச்சம் நீளக் குகை, பெரிய ரொன்தாவை ஆஃபன் பள்ளத்தாக்குடன் இணைத்தது. மண்ணழுத்தத்தில் சுவர்கள் உருக்குலைந்ததால் 1968-இல் மூடினார்கள். பாதை அதிகாரபூர்வமாக மூடப்படாததால் மாற்றுப் பேருந்து விட வேண்டியதாயிற்று. ட்ரீஹெர்பர்ட்டிலிருந்து மலையை நேரே துளைத்த பயணம், இப்போது மலையைச் சுற்றி ஏறி இறங்கியது. 1970-இல் அதுவும் நின்றது.

அந்த 1968-இலேயே இரண்டு ரொன்தாக்களுக்கும் நடுவே மலைமுகட்டில் பென்ரீஸ் குடியிருப்பு திறக்கப்பட்டது. 900-க்கும் மேற்பட்ட வீடுகள். ரயில் எட்டாத உயரம். கடைக்கும் வேலைக்கும் பேருந்தை நம்பியே அங்கு மக்கள் குடியேற்றப்பட்டார்கள். பேருந்தில் கூட்டம் குறையத் தொடங்கிய காலத்தில் இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தது திட்டமிட்டவர்களின் பெரிய பிழை என்றே சொல்ல வேண்டும்.

உரிமையாளர் பெயர்கள் இதன்பிறகு வேகமாக மாறின. 1969-இல் பெரிய நிறுவனங்கள் அரசின் தேசியப் பேருந்துக் கழகத்துக்குள் வந்தன. 1971-இல் ரொன்தா டிரான்ஸ்போர்ட் வெஸ்டர்ன் வெல்ஷில் கரைந்தது. 1978-இல் அதுவும் ரெட் அண்ட் ஒயிட்டும் சேர்ந்து நேஷனல் வெல்ஷ் ஆயின. 1974-இன் உள்ளாட்சிச் சீரமைப்பில் ஊர் மன்றப் பேருந்துகளும் கைமாறின: கேர்ஃபில்லி, கெல்லிகேர், பெட்வாஸ்-மாகன் மூன்றும் ரம்னி வேலியாகின, வெஸ்ட் மன்மத்ஷயர் வாரியம் இஸ்லூயின் ஆனது.

1986 அக்டோபர் 26 அன்று தட அனுமதி முறையே நீங்கியது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் எங்கும் ஓட்டலாம் என்றானது. 1920-களின் துரத்தல் மினி பஸ்களுடன் திரும்பி வந்தது. பெரிய வண்டி நுழையாத சரிவுத் தெருக்களுக்குள் மினி பஸ் போனது உண்மையான நன்மை. கூட்டமான தடங்களில் போட்டி, ஆளில்லாத மாலை நேரத்தில் வெறுமை என்பது மறுபக்கம். மெர்த்தர் டிட்வில் மன்றத்தின் பேருந்து நிறுவனம் 1989-இல் நின்றுபோனது. ரம்னி வேலியையும் பொன்டிப்ரீத்தின் வாரிசான டாஃப்-ஈலையையும் விழுங்கிய நேஷனல் வெல்ஷே 1992-இல் வீழ்ந்தது. போர்த் பணிமனையிலிருந்து ரொன்தா பஸ்ஸஸ் என்ற புதிய நிறுவனம் கிளம்பியது. ஸ்காட்லாந்தின் ஸ்டேஜ்கோச் 1993-இல், மீண்டும் தனி நிறுவனமாகியிருந்த ரெட் அண்ட் ஒயிட்டையும், 1997-இல் ரொன்தா பஸ்ஸஸையும், 2010-இல் இஸ்லூயினையும் வாங்கியது.

வேல்ஸுக்குத் தனி அவை வந்தபின் 2002-இல் 60 வயதைக் கடந்தோருக்கு உள்ளூர்ப் பேருந்தில் இலவசப் பயணம் கிடைத்தது. 1921-இல் 1,60,000 பேர் இருந்த ரொன்தாவில் 2011-இல் சுமார் 62,000 பேர்தான். இளைஞர்கள் வெளியேறி முதியோர் தங்கிய ஊர்களில் பல பகல்நேரத் தடங்கள் இந்த இலவசப் பயண அட்டையால் உயிர்வாழ்கின்றன. தடங்களைத் திட்டமிடும் பொறுப்பை மீண்டும் அரசின் கைக்குக் கொண்டுவரும் மசோதா 2025 மார்ச்சில் வேல்ஸ் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

2023 ஏப்ரலில் மின்மயமாக்கலுக்காக ட்ரீஹெர்பர்ட் ரயில்பாதை மூடப்பட்டு, 2024 பிப்ரவரி வரை ரயில் பயணிகளும் மாற்றுப் பேருந்தில் போனார்கள். இன்றும் கேர்ஃபில்லியிலிருந்து பொன்டிப்ரீத், போர்த் வழியே பெரிய ரொன்தாவில் ஏறும் 120, 130 எண் பேருந்துகள் பொன்டிப்ரீத்துக்கு மேல் பழைய டிராம் சென்ற ஊர்களையே தொட்டுப் போகின்றன. ட்ரீஹெர்பர்ட்டுக்கு மேல் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிய, ஒன்று பிளைன்ரொன்தாவுக்கும் மற்றது பிளைன்கூமுக்கும் போய்த் திரும்புகிறது. மண்மூடிப்போன பழைய ரயில் குகைவழியின் வாய் பிளைன்கூமில் இருக்கிறது. அதைத் தோண்டித் திறந்து சைக்கிள் பாதையாக்க ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று 2014 முதல் முயன்றுவருகிறது.