அடிக்க வருகிறாரா? ஆத்திரப்படாதீங்க!

செம்பரம்பாக்கத்திலிருந்து 108-க்கு போன் போட்டாச்சு, ஆம்புலன்ஸும் வந்தாச்சு. ஆனால், உங்கள் வீட்டுப் பெரியவரோ, தூக்க வந்த ஊழியரையே அடிக்கப் பாய்கிறார். என்ன செய்வீர்கள்?

திட்டாதீங்க! ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும், வலிப்பு வந்து தெளியும்போதும் சாது மனிதர்கூட முரண்டு பிடிப்பார். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இது பழகிய சங்கதி.

துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அரிவாள்மணைக்கு ஏது லைசென்ஸ்? அதனால் கத்தி, கட்டை எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். கூட்டத்தை விலக்கி, ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள். குப்புறப் போட்டு அமுக்காதீங்க, மூச்சு முட்டிவிடும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரா, குடித்திருக்கிறாரா? கூச்சப்படாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரையே காப்பாற்றலாம்!