லேசர் தீர்க்காத மங்கல்

காரைக்காலில் கண் ஆபரேஷன் முடித்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எடுத்த புரை மறுபடி வந்துடுச்சு தம்பி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எடுத்த புரை மறுபடி வராது. வருவது வேறு.

கண்ணின் லென்ஸ் மெல்லிய சவ்வுப் பைக்குள் இருக்கிறது. பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து புரையை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். ஓரத்தில் தங்கிய செல்கள் நாளடைவில் பின்சவ்வில் படர்ந்தால் பார்வை மங்கும். இதற்கு யாக் லேசர் போதும். தாடையை மெஷினில் வைத்து உட்கார்ந்தால் சில நிமிஷங்களில் சவ்வின் நடுவே துவாரம் விழும். ஊசி இல்லை, கட்டு இல்லை.

மங்கியது லென்ஸே என்றால்தான் சிக்கல்; லேசர் உதவாது, லென்ஸையே மாற்ற வேண்டியிருக்கும். அரிதுதான், ஆனால் நடக்கிறது.

1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாக வைத்தது கெட்டிப் பிளாஸ்டிக் லென்ஸ். பிற்பாடு சிறு துளை வழியே மடித்துச் செருகும் லென்ஸ்கள் வந்தன. அவற்றில் நீர் ஊறும் அக்ரிலிக் வகையில் சில சமயம் கால்சியம் உப்பு படிகிறது. 2000-ஐ ஒட்டி ஹைட்ரோவியூ என்ற லென்ஸ் பல நாடுகளில் இப்படி வெளுத்தது. லென்ஸ் டப்பாவிலிருந்த சிலிக்கோன் மேல் சந்தேகம் விழுந்து பேக்கிங்கையே மாற்றினார்கள். சர்க்கரை உள்ளவர்களிடமும், கருவிழி மாற்றும்போது கண்ணுக்குள் காற்றோ வாயுவோ ஏற்றப்பட்டவர்களிடமும் இது தென்படுகிறது.

உடனே மலிவு லென்ஸ் எல்லாம் மோசம் என்று கிளம்பிவிட வேண்டாம். மதுரையில் 1992-இல் தொடங்கிய லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான அரோலேப் விலையை அடியோடு இறக்கியிராவிட்டால், நம் பக்கத்துப் பாட்டிகள் பலர் ஆபரேஷனுக்குப் பிறகும் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் இருந்திருப்பார்கள்.

கண்பாவையை மருந்தால் விரித்து, கீற்று விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், மங்கியது சவ்வா லென்ஸா என்ற வித்தியாசம் பெரும்பாலும் பிடிபடும். சவ்வுப் படலம் லென்ஸுக்குப் பின்னால் நிற்கும். கால்சியமோ லென்ஸின் மேலேயே ரவை தூவியதுபோல் கிடக்கும். அவசரத்தில் இதைப் படலம் என்று எண்ணி லேசர் போட்டால் பார்வை தெளியாது. அதைவிட மோசம், பின்சவ்வில் ஓட்டை விழுந்துவிடும். பிறகு லென்ஸை மாற்றும்போது கண்ணின் பின்பகுதியில் இருக்கும் கூழ் அந்த ஓட்டை வழியே முன்னால் வரலாம். புது லென்ஸ் உட்காரப் பிடிமானமும் குறையும். எளிதாக முடிந்திருக்கக்கூடிய மாற்று ஆபரேஷன், விழித்திரை மருத்துவரும் உடனிருக்க வேண்டிய வேலையாகிவிடும். அதற்காகச் சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டியும் வரலாம்.

ஆகவே, லேசர் என்றதும் தலையாட்டுவதற்கு முன், "மங்கினது சவ்வா, லென்ஸா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டித் தரும் சிறு ஸ்டிக்கரில் லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் எல்லாம் இருக்கும். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே அதையும் போட்டு வையுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது எடுத்துக் காட்டுங்கள்.