லாரி வர லேட் ஆனால், தக்காளியில் ஊறவைத்த கறி என்னாகும்? சங்ககிரி வீடுகளுக்கு ஒரு சமையல் கணக்கு!

சங்ககிரியில் லாரி தொழிலோடு தொடர்பில்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். மகாராஷ்டிரா, குஜராத் என்று கிளம்பினால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். வருகிற அன்று கறி எடுக்காமல் இருப்பார்களா? ஆனால், ‘மதியம் வந்துருவேன்’ என்று போனில் சொன்னவர், லோடு இறக்கி முடித்து ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்து நிற்பார். காலையிலேயே தக்காளி அரைத்துப் பிரட்டி வைத்த கறி அதுவரை தாங்குமா? ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை.

முதலில் தக்காளி. கறிக்கு ஏற்றது கொல்லையில் காய்க்கிற நாட்டுத் தக்காளிதான். தோல் மெல்லிசு, சாறு அதிகம், புளிப்பும் தூக்கல். விதை வாங்குவதாக இருந்தால் பி.கே.எம்.1 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியது அது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பூ உதிர்ந்துவிடும். ஆடிப்பட்டத்தில் போட்டால் ஐப்பசியில் பழம் பறிக்கலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது நினைவிருக்கிறதா? அப்போது மாடியில் நாலு செடி வைத்திருந்தவர்கள்தான் ராஜா!

அரைக்கும்போது விதையை வழித்துக் கொட்டிவிடாதீர்கள். ருசி தருகிற குளூட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் அதிகம்.

சரி, தக்காளியில் ஊறினால் கறி பஞ்சாகிவிடுமா? அவ்வளவு சக்தி அதற்கு இல்லை. பப்பாளிக்காயில் இருப்பது போல இறைச்சியைக் கரைக்கும் நொதி எதுவும் தக்காளியில் பெரிதாக வேலை செய்வதில்லை. அதன் மிதமான புளிப்பு, கறித்துண்டின் மேல்பரப்போடு நின்றுவிடும். உள்ளே இறங்குவது உப்புதான். வேகும்போது சாறு வடிந்துவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். ஜவ்வும் நரம்பும் இளகுவதற்கு மெதுவான தீயைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் எட்டு மணி நேரம் ஊறினாலும் முத்தல் கறி இளங்கறி ஆகாது. தயிர், எலுமிச்சை எல்லாம் சேர்த்து அளவு மீறினால் மேல்பக்கம் மாவு மாதிரி ஆகிவிடும்.

கெட்டுப்போவதுதான் பெரிய பயம். ‘மஞ்சள் போட்டிருக்கே, தக்காளி புளிப்பு இருக்கே’ என்று அடுப்படி மேடையிலேயே வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். மூடி போட்ட எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு நாள் வரை சமாளிக்கலாம். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து இறங்கும்.

வரும் நேரம் நிச்சயமில்லை என்றால் ஊறவைக்கவே வேண்டாம் என்பேன். அரைக் கிலோ கறிக்கு இரண்டு தக்காளியை அரைத்து ஊற்றி, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள், கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது சேர்த்து, வாங்கி வந்த கையோடு குக்கரில் வேகவிடுங்கள். சின்னத் தீயில் ஐந்தாறு விசில். முத்தல் என்றால் இன்னும் இரண்டு. ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடலாம்.

‘தொப்பூர் இறங்கிட்டேன்’ என்று போன் வந்தால் சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பியுங்கள். வைகுந்தம் டோல்கேட் என்றால் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். கடலை எண்ணெயில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, வெந்த கறியைச் சாறோடு கொட்டிச் சுண்டவிட்டு, கடைசியில் தேங்காய்ப் பல்லு. பக்கத்துப் பள்ளிப்பாளையம் சிக்கனின் வாசனைதான் இது. அங்கே தக்காளி போடமாட்டார்கள்; பள்ளிப்பாளையத்துச் சொந்தங்கள் கோபிக்க வேண்டாம்!

குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்றால் மிளகாய் விதையை உதறிவிட்டுப் போடுங்கள்.