சீருடை இயக்கமும் நம் தோட்டப்புற மாணவர்களும்: கடெட் லாவுட்டை முன்வைத்து



ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் படிவம் ஒன்று மாணவர்கள் சீருடை இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் "எதுல டீச்சர் செலவு கம்மி?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால், அதோடு முடிவெடுத்துவிடுவதுதான் சிக்கல். கடற்படைப் பயிற்சி மாணவர் இயக்கமான கடெட் லாவுட்டை எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்குகிறேன்.

கடெட் லாவுட் என்றால் என்ன?

இது இடைநிலைப்பள்ளிகளில் இயங்கும் சீருடை இயக்கங்களுள் ஒன்று. எல்லாப் பள்ளிகளிலும் இருக்காது. அணிநடை, கயிற்று முடிச்சு, சமிக்ஞைக் கொடி, முதலுதவி, நீர்ப் பாதுகாப்பு, கட்டொழுங்கு ஆகியவை பயிற்சியின் அடிப்படை. இதில் சேர்ந்தால் கட்டாயம் கடற்படைக்குப் போக வேண்டும் என்பது தவறான எண்ணம். பள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் கடற்படையில் சேர விண்ணப்பிக்கலாம்; பல்கலைக்கழகம் சென்றால் அங்குள்ள பாலாப்பேஸ் அதிகாரிப் பயிற்சிக்கும் முயலலாம்.

ஏன் முக்கியம்?

எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். முடித்து அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. வருகை, வகித்த பதவி, பங்கேற்பு, அடைவுநிலை ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும். போட்டி மிகுந்த துறைகளில் ஒரு புள்ளிகூட வாசலைத் திறக்கும், அல்லது மூடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், கெட்டிக்கார மாணவன் ஒருவனிடம் "புதன்கிழமை சாயங்காலத்த வீணாக்காத, டியூஷனுக்குப் போ" என்று சொன்னேன். அவன் நல்ல தேர்ச்சி பெற்றான். புறப்பாடப் பகுதிதான் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. விரும்பிய துறை கிடைக்கவில்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்று அவன் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

தடைகள் எவை?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் தடை பஸ். பயிற்சி முடியும் நேரத்தில் வீட்டுக்குப் போக வண்டி இருக்காது. இரண்டாவது தடை சீருடைச் செலவு. மூன்றாவது, பெற்றோரின் பயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கடெட் லாவுட்டில் சேர விரும்பினான். அவனுடைய அம்மா போனில், "அவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கு டீச்சர், வேணாம்" என்றார். நான் வாதாடவில்லை. "ஒரு புதன்கிழமை வந்து பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க" என்றேன். வந்தார். அன்று திடலில் அணிநடையும் கயிற்றுப் பயிற்சியும்தான் நடந்தன. மகன் கம்பத்தில் 'சிம்புல் மானுக்' என்ற முடிச்சைப் போட்டுக் காட்டியதும், "இது எங்கப்பா ஆடு கட்டுற முடிச்சாச்சே!" என்று சிரித்துவிட்டார். தண்ணீரில் இறங்கும் பயிற்சிக்கு முன் தம்மிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கையொப்பமிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் வேனுக்கு நான்கு குடும்பங்கள் சேர்ந்து பணம் கொடுத்தன. மூத்த மாணவர் ஒருவரின் பழைய சீருடை அவனுக்குக் கிடைத்தது.

கடல் நமக்குப் புதிதா?

இல்லை. 1025-இல் முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை வந்தது. மலாக்கா துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். 'கப்பல்' என்ற நம் சொல்தான் மலாயில் 'காப்பால்' ஆனது. இன்று மலேசியக் கடற்படையின் உயர் பதவிப் பெயரான 'லக்சமானா'வில் இராமாயணத்து இலக்குவன் இருக்கிறான்.

அண்மைய வரலாறும் உண்டு. 1967 டிசம்பரில் நம் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம் ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 31. 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்தப் பெயரை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எத்தனை மாணவர்களுக்குத் தெரிகிறது?

மலாக்கா நகரிலுள்ள கடற்படை அரும்பொருளகத்தில் கே.டி. ஸ்ரீ திரெங்கானு என்ற சுற்றுக்காவல் கப்பலை நேரில் பார்க்கலாம். கல்விச் சுற்றுலா போனால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

'சீருடை இயக்கத்தின் நன்மைகள்' என்ற கருத்து விளக்கக் கட்டுரையில் "ஒழுக்கம் வளரும், ஒற்றுமை வளரும்" என்று மட்டும் எழுதினால் கருத்து நிற்காது. எப்படி வளரும் என்று காட்டுங்கள். எடுத்துக்காட்டு: "அணிநடையில் ஒருவர் கால் தவறினாலும் முழு வரிசையும் குலைந்துவிடும். ஆகவே, தன் செயல் பிறரைப் பாதிக்கும் என்பதை மாணவர் உடனே உணர்கிறார்."

புணர்ச்சியையும் கவனியுங்கள். கடல் + படை = கடற்படை; கப்பல் + படை = கப்பற்படை. வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வரும்போது லகர மெய் றகர மெய்யாகத் திரியும். 'கடல்படை' என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு

உங்கள் பள்ளியில் கடெட் லாவுட் இல்லாவிட்டால் சாரணர், செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் என எதுவாகவும் இருக்கட்டும். மாணவர் படிவம் ஒன்றிலேயே சேர்ந்து, தொடர்ந்து வந்து, ஒரு பொறுப்பையாவது ஏற்க வேண்டும். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிக்கும் முன், வீட்டுக்குப் போக அவனுக்கு பஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.