பண்ணை வீட்டுப் பந்தலில் திருமணப் படப்பிடிப்பு

தில்லியின் தென்புறத்தில் சத்தர்பூர், மெஹ்ரோலி வட்டாரங்களில் உள்ள தனியார் பண்ணை வீடுகள், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான திருமணப் பருவத்தில் மணக்கோலம் பூண்டுவிடும். விரிந்த புல்வெளியில் ஓரிரு நாள்களுக்குள் ஒரு மாளிகையே எழுந்து நிற்கும். அலுமினியச் சட்டங்களால் ஆன, நடுவில் தூண் இல்லாத 'ஜெர்மன் ஹேங்கர்' பந்தல் இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வடநாட்டுக் குடும்பங்களில் மணம்புரிவது இயல்பாகிவிட்ட இந்நாளில், நம் வாடிக்கையாளர் பலரும் இத்தகைய திருமணங்களுக்குப் பொறுப்பேற்க நேர்கிறது. செலவுப் பட்டியலில் படப்பிடிப்பு ஒரு கணிசமான தொகை. எனினும் அத்தொகையின் பயனைத் தீர்மானிப்பவர்களுள் படப்பிடிப்பாளர் ஒருவர் மட்டுமே என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கல்யாண மண்டபத்தில் சுவரும் கூரையும் மின்சாரமும் முன்பே உள்ளன. பண்ணை வீட்டில் அவை யாவும் வெளியிலிருந்து கொண்டுவரப்படுபவை. பந்தல்காரர் தேர்ந்தெடுக்கும் துணியின் நிறம், விளக்கு அமைப்பவர் தொங்கவிடும் விளக்கின் வகை, மின்னாக்கி நிற்கும் இடம் ஆகிய மூன்றும் படத்தின் தரத்தைப் பாதி தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே, அலங்கார ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் படப்பிடிப்பாளரையும் அவ்விடத்திற்கு ஒருமுறை அழைத்துச் செல்லுமாறு பரிந்துரைக்கிறோம். அலங்காரம் முடிந்தபின் அவரிடம் கருத்துக் கேட்பதில் பயனில்லை.

முதலில் ஒளி. தமிழகத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் அமைவதால் பகலொளி நமக்குத் துணை நிற்கிறது. வடநாட்டுத் திருமணங்களிலோ மாப்பிள்ளை ஊர்வலமான பாராத் மாலையில் தொடங்கி, மணமக்கள் அக்கினியை வலம்வரும் ஃபேரா நள்ளிரவையும் கடந்து நிகழ்வதுண்டு. எனவே படம் முழுவதும் செயற்கை ஒளியையே நம்பியுள்ளது. வெள்ளைத் துணிக்கூரை அவ்வொளியைப் பரப்பி முகங்களின் மீது மென்மையாக இறக்கும். சிவப்புத் துணியின் கீழ் அனைவர் முகமும் செம்மை படரும். அதைவிடத் தொல்லை தருபவை மேடையை நீலமும் கருஞ்சிவப்புமாக மாற்றிக்கொண்டே இருக்கும் வண்ண எல்.இ.டி. விளக்குகள். அடர்வண்ண ஒளியில் பதிவான முகத்தைப் படத்தொகுப்பில் இயல்புநிறத்திற்கு மீட்பது அநேகமாக இயலாது. நடன நிகழ்ச்சிக்கு அவ்விளக்குகள் இருக்கட்டும். மாலை மாற்றும்போதும் அக்கினியை வலம்வரும்போதும் இளமஞ்சள் ஒளி மட்டுமே எரியவேண்டும் என எழுத்தில் கேட்டுப்பெறுவது நல்லது.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவின் திரைவேகம் இதற்கு இசைவாக ஒரு நொடியில் 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ இல்லாவிடில், படத்தில் கரும்பட்டைகள் ஊர்ந்து செல்லும். அனுபவமுள்ள படப்பிடிப்பாளர் இதை அறிவார். ஆயினும் மெதுவசைவுக் காட்சிகளுக்கு வேகத்தைக் கூட்டும்போது அவராலும் ஒன்றும் செய்ய இயலாது. துடிப்பில்லாத விளக்குகளை வாடகைக்கு எடுப்பதே வழி.

அடுத்தது ஒலி. திருமணப் படங்களில் பெரும்பாலும் கைவிடப்படும் பகுதி இதுவே என்பது எமது கருத்து. காட்சிகள் பளிச்சென்று இருக்கும். பின்னணியில் ஏதோ ஒரு திரைப்பாடல் ஒலிக்கும். மணமகளின் தந்தை தழுதழுத்துச் சொன்ன சொற்களோ, புரோகிதரின் மந்திரமோ கேட்காது. துணிச்சுவர் ஒலியைத் தடுப்பதில்லை. மின்னாக்கியின் உறுமலும், அடுத்த பண்ணை வீட்டின் மேளமும் தங்குதடையின்றி உள்ளே வரும். மின்னாக்கியைப் பந்தலிலிருந்து எவ்வளவு தொலைவில், சுவருக்கோ கட்டடத்திற்கோ அப்பால் நிறுத்த முடியுமோ அவ்வளவு நன்று. புரோகிதர் மேலும் மணமகன் மேலும் ஒவ்வொரு சிறு ஒலிவாங்கி பொருத்துவது வழக்கம். மணமகளின் நகைகளும் சரிகையும் உரசும் ஓசை பதிவைக் கெடுத்துவிடும் என்பதால் அவருக்குப் பொருத்துவதில்லை. மணமகனுக்கு அருகில் இருப்பதால் அவர் குரலும் அதிலேயே பதிவாகிவிடும்.

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்கலாகாது. ஆண்டுக்குச் சில விழா நாள்களில் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். இதனால் பின்னிரவுச் சடங்குகள் ஒலிபெருக்கியின்றியே நடக்கும். ஒலி மேடையிலிருந்து பதிவு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கும் குழுவினர் அப்போது வெறுங்கையுடன் நிற்பர். அந்த அமைதியான வேளையில் சிறு ஒலிவாங்கி இருந்தால், ஏழடி வைக்கும்போது ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கிடைக்கும்.

தில்லியின் குளிரையும் கணக்கில் கொள்ளவேண்டும். சூடேற்றிய பந்தலுக்குள் வெளிக்குளிரிலிருந்து கேமராவைக் கொண்டுவந்தவுடன் வில்லையில் நீர்த்திவலை படியும். மணமகன் நுழையும் காட்சி பனிமூட்டமாகப் பதிவாவதற்கு இது போதும். உள்ளே படமெடுக்கும் கேமராவும் ஊர்வலத்துடன் வரும் கேமராவும் வேறுவேறாக இருத்தல் நலம். டிசம்பர், ஜனவரி மாத மூடுபனியில் ட்ரோன் காட்சிகள் எப்படியும் தேறுவதில்லை. தேறினாலும், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டருக்குள் கட்டுப்பாடுகள் உள்ளன. 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டே ட்ரோனுக்குத் தனிக்கட்டணம் பேசவேண்டும்.

இனி ஒப்பந்தம். பல குழுக்கள் மணிக்கணக்கில் கட்டணம் பேசுகின்றன. மாலை 6 மணிக்குத் தொடங்கும் 8 மணி நேர ஒப்பந்தம் பின்னிரவு 2 மணிக்கு முடிந்துவிடும். மணமகள் பிறந்த வீட்டிலிருந்து விடைபெறும் விதாயி பெரும்பாலும் விடியலில்தான் நிகழும். பெற்றோர் பின்னாளில் மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பும் காட்சி அதுவே. 'விதாயி முடியும்வரை' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். கூடுதல் நேரத்திற்கான கட்டணமும் அதிலேயே குறிக்கப்படட்டும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இங்கு வாடிக்கையாளருக்குச் சாதகமானது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்தவரே. ஆனால் அச்சிட்ட ஒப்பந்தப் படிவங்களின் சிற்றெழுத்துகளில் அந்த 'மாறான ஒப்பந்தம்' அடங்கியிருப்பதுண்டு. குழுவினர் தம் விளம்பரத்திற்குப் படத்தை வெளியிடலாமா, தொகுக்கப்படாத மூலப்பதிவுகள் யாருக்கு என்பவற்றை வாசித்துத் தெளிந்தபின் கையெழுத்திடுக.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது இருதரப்புக்கும் நியாயம்: பதிவு செய்யும்போது ஒரு பங்கு, படப்பிடிப்பு முடிந்தவுடன் ஒரு பங்கு, முடிவுற்ற படம் கைக்கு வந்தபின் மீதி. மீதி சிறுதொகையாக இருந்தால் படம் கைக்கு வர மாதங்கள் பல ஆகலாம். ஒரே நிகழ்வுக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வெவ்வேறு நாள்களில் பிரித்துக் கொடுத்தாலும் நிகழ்வு ஒன்றே என்பதால் தடை பொருந்தும். தண்டம் பெறுபவருக்கே என்றாலும், கணக்குவழிப் பரிமாற்றம் உங்களுக்கும் சான்றாக நிற்கும். குழுவினர் வரிப்பதிவு பெற்றவராயின், பேசிய தொகையில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியுள்ளதா என்றும் கேட்டுக்கொள்க.

இறுதியாக ஒரு கணக்கு. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் 4கே கேமரா மணிக்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட் நிரப்பும். மூன்று கேமராக்கள் எட்டு மணி நேரம் இயங்கினால் ஒரு டெராபைட்டைக் கடந்துவிடும். ஒரே வன்தட்டில் அது தங்கியிருக்கும்வரை உங்கள் செலவு முழுவதும் அத்தட்டின் நலத்தைச் சார்ந்தது. குழுவினர் பண்ணை வீட்டை விட்டுப் புறப்படுமுன் இரண்டாம் படி எடுக்கவேண்டும், அப்படி உங்கள் வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கான வன்தட்டை நீங்களே முன்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம்.