வலிக்காத இடத்தில் ஏன் ஊசி போடக் கூடாது?

பெரியம்மாவுக்குப் பதினோரு வருடமாக இன்சுலின். காலையில் இட்லி வேகும் நேரத்தில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. புடவைக் கொசுவத்தைச் சற்றே தளர்த்தி, தொப்புளுக்கு வலப்பக்கம் மூன்று விரல் தள்ளி, பேச்சை நிறுத்தாமலே குத்திக்கொள்வார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுடா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்கிற பெருமை அது.

சுகர் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஒருநாள் 310, மறுநாள் 64. மாம்பழ சீசனைக் குறை சொன்னோம். பேரன் வாங்கி வந்த ஜிலேபியைக் குறை சொன்னோம். டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். காலையில் 18 யூனிட்டில் தொடங்கியது 34 வரை வந்து நின்றது. கடைசியில் வேறொரு கிளினிக்கில் ஒரு நர்ஸம்மாதான், "எங்கே போட்டுக்கறீங்கம்மா, காட்டுங்க" என்று கேட்டார். அந்தப் பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. விரல்களில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு வயிற்றை மெல்ல அழுத்தி வருடிப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். கண்ணுக்கு லேசான மேடுதான். விரலுக்கோ தோலுக்கடியில் ஒரு எலுமிச்சை அளவுக்கு ரப்பர் போன்ற கட்டி தட்டுப்பட்டது.

கட்டி எப்படி வளர்கிறது

ரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்குவதோடு இன்சுலினின் வேலை முடிந்துவிடுவதில்லை. கொழுப்புச் செல்களைப் பெருக்க வைப்பதும் அதன் குணம். தினமும் ஒரே இடத்தில் போட்டால் அங்குள்ள கொழுப்பு தடித்து, நார் ஓடி, கட்டியாகிவிடும். மருத்துவத்தில் இதற்கு லிப்போஹைப்பர்ட்ராஃபி என்று பெயர். அப்படித் தடித்த இடத்தில் உணர்ச்சி மந்தம், அதனால் வலி இல்லை. வலி இல்லாததால் கை மறுபடியும் அங்கேயே போகிறது. கட்டி இன்னும் வளர்கிறது.

கட்டியைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது சின்ன விஷயம். அதற்குள் போன இன்சுலின் எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் பெரிய விஷயம். இன்று பாதி உள்ளேயே தங்கும், சுகர் ஏறும். நாளை எதிர்பாராத நேரத்தில் வந்து இறக்கிவிடும். காரணம் தெரியாத ஏற்ற இறக்கம் உங்களுக்கு இருந்தால், சாப்பாட்டுக் கணக்கைத் துருவுவதற்கு முன் ஒருமுறை வயிற்றைத் தடவிப் பாருங்கள். குளிக்கும்போது சோப்புக் கையோடு பார்ப்பது சுலபம்.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக, ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து குழி விழும். மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த பழைய இன்சுலின் காலத்தில் இது அதிகம், இப்போது அபூர்வம்.

ஊசி போட்ட இடத்தில் வரும் தொல்லைகளுக்கு இன்சுலினின் வயதேதான். 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டபோது, சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போன இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. கோலிப் என்ற வேதியியலாளர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். அப்போதுதான் பலித்தது.

இடத்தை மாற்றுவது

"மாத்தி மாத்தித்தான் போடறேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியம்மாவும் சொன்னார். ஒரு ரூபாய் நாணயம் கொள்ளும் இடத்துக்குள்ளேயே அவர் மாற்றிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

வயிற்றைத் தொப்புளை வைத்து நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலது மேல், வலது கீழ், இடது கீழ், இடது மேல். ஒரு பாகத்துக்கு ஒரு வாரம். அந்தப் பாகத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஊசியே கூடாது. பாவாடை நாடாவோ பெல்ட்டோ இறுகும் வரியையும் தழும்புகளையும் விட்டுவிடுங்கள். எந்த வாரம் எந்தப் பாகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, முயலவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பென்சிலால் குறித்துவிட்டால் போதும்.

தொடையிலும் போடலாம், மேல்பகுதியின் வெளிப்பக்கமாக. ஆனால் வயிற்றில் மருந்து சீக்கிரம் ஏறும், தொடையில் மெதுவாக. அதனால் காலை ஊசி இன்று வயிறு, நாளை தொடை என்று தாவக் கூடாது. காலைக்கு ஒரு பகுதி, இரவுக்கு ஒரு பகுதி என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள்தான் மாற்ற வேண்டும். தொடையில் போட்ட கையோடு வேகநடையோ வயல்வேலையோ என்றால், உழைக்கிற காலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து சட்டென்று ஏறிவிடும்.

புது இடத்துக்குப் போகும் நாள்

இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டி இருப்பது தெரிந்ததும், நல்ல காரியம்தானே என்று அதே அளவை மறுநாளே புதுத் தோலில் போட்டுவிடாதீர்கள். கட்டிக்குள் 34 யூனிட் போட்டும் முழுதாக வேலை செய்யாததால்தான் அளவு 34 வரை ஏறியது. அதே 34 நல்ல தோலில் முழுதாக வேலை செய்யும், சுகர் பாதாளத்துக்குப் போய்விடும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டுதான் இடம் மாற வேண்டும். அடுத்த சில வாரங்கள் வீட்டு மெஷினில் அடிக்கடி பார்க்கவும் வேண்டும். பயந்துபோய் இன்சுலினையே நிறுத்துவது அதைவிட ஆபத்து.

கட்டி ஒரே வாரத்தில் கரையாது. ஊசி படாமல் விட்டால் மாதக்கணக்கில் மெல்ல அமுங்கும். நீண்ட நாள் விட்டும் கல் போல அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இன்சுலினே புரதமாகப் படிந்து இறுகுவதும் அபூர்வமாக உண்டு.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. பென் எனப்படும் பேனா வடிவக் கருவியில் போடும் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் பாட்டிலும் விற்கிறார்கள். நாற்பதுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கானதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சில் 40 பாட்டிலிலிருந்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட். கடைக்காரப் பையன் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி மாற்றிக் கொடுத்ததை நானே வாங்கி வந்திருக்கிறேன். பாட்டில் எண்ணும் சிரிஞ்சு எண்ணும் ஒன்றா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஊசி நீளம் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு, குண்டானவருக்கு நீள ஊசி வேண்டும் என்று. தோலின் தடிமன் ஒல்லிக்கும் குண்டுக்கும் சுமார் இரண்டு இரண்டரை மில்லிமீட்டர்தான். பென்னுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி பெரியவர்கள் எல்லோருக்கும் போதும், நேராகக் குத்தலாம். சிரிஞ்சின் ஊசி இதைவிட நீளம். தசைக்குள் இறங்கிவிடாமல் இருக்கத் தோலை இரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் போட வேண்டும்.

ஒரு ஊசியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஒரே ஊசியை ஒரு வாரம் ஓட்டும் வீடுகளை எனக்குத் தெரியும். காசுதான் காரணம், திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் முனை மழுங்கிய ஊசி தோலைக் கிழிக்கிறது, ரத்தக்கட்டும் கட்டியும் அதனாலேயே கூடுகின்றன. எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஒருவர் பென்னை மட்டும் இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, ஊசியை மாற்றினாலும்கூட. குப்பிக்குள் ரத்தம் பின்னோக்கி ஏற வழியுண்டு. கழித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் கொடுங்கள். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும்.

எரிச்சல், கன்றல், கசிவு

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, இல்லை குளிரோடு குளிராக, போட்டால் எரியும். அரைமணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்துங்கள். பயன்பாட்டில் உள்ள பாட்டில் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியே தாங்கும், அறை 30 டிகிரிக்குள் இருந்தால். அக்னி நட்சத்திரத்தில் நம் அறைகள் அப்படியா இருக்கின்றன? ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சின்ன மண்பானையை இறக்கி அதில் வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம். ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்தைக் கரைத்துப் போடாதீர்கள், அது வீண். பால் போலக் கலங்கிய வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம்.

நீலமாகக் கன்றினால் நுண்ரத்தக்குழாயில் ஊசி பட்டிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சால் அழுத்தினால் போதும், தேய்க்கக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். ஊசியை எடுத்ததும் மருந்து கசிந்தால், அடுத்த முறை மருந்தை அமுக்கிச் செலுத்தியபின் பத்து எண்ணும்வரை பிடித்திருந்து எடுத்துப் பாருங்கள். கசிந்தது இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து இன்னொரு ஊசி போட்டுவிடாதீர்கள்.

வலித்த இடத்தில் உப்பு ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளின் பழக்கம். இன்சுலின் போட்ட இடத்துக்கு அது வேண்டாம். சூடு பட்டால் மருந்து வேகமாக ஏறும்.

இன்சுலின் தொடங்கிய முதல் சில வாரங்களில் பார்வை மங்கலாகத் தெரியலாம். சர்க்கரை மாறும்போது கண்ணின் லென்ஸும் மாறுகிறது. அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

சுகர் இறங்கினால்

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத கோபம். மெஷின் 70-க்குக் கீழ் காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. சாக்லேட் உதவாது, கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பிபிக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே இறங்கலாம், வியர்வைதான் துப்பு.

ஊசி போட்ட இடம் சிவந்து, சுட்டு, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் அந்த நிமிடமே.

பெரியம்மா இப்போது இடது கீழ் வாரத்தில் இருக்கிறார். அளவு 34-லிருந்து 24-க்கு இறங்கிவிட்டது, கட்டி பாக்கு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. "இந்தப் பக்கம் சுருக்குன்னு வலிக்குதுடா" என்று தினமும் புகார். எதிர்வீட்டு மாமிக்கும் இன்சுலின்தான். போன வெள்ளிக்கிழமை போனபோது, கையெல்லாம் சோப்பு நுரையோடு பெரியம்மா அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.